அமெரிக்காவின் ஜப்பானியத் தடுப்பு முகாம்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி வரும் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும்: "பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர்களை முகாம்களில் அடைத்தார்கள்." வரி சின்னதுதான். ஆனால் பள்ளிக் கட்டுரைக்கோ யூடியூப் ஸ்கிரிப்டுக்கோ இந்த விஷயத்தைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்க ஆரம்பிக்கிறார்கள்.

முதல் சிக்கல் அந்த 'ஜப்பானியர்கள்'. 1942-ல் மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட சுமார் 1,20,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். மற்றவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. "முப்பது வருஷம் இருந்தும் ஏன் குடியுரிமை வாங்கவில்லை?" என்று கேட்கத் தோன்றும். வாங்க விடவில்லை. ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1952 வரை சட்டமே தடையாக இருந்தது. கலிபோர்னியாவில் 1913 முதல் அவர்கள் விவசாய நிலம் வாங்கவும் தடை; பலர் அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயரில் வாங்கித்தான் பயிர் செய்தார்கள். ஆக, 'எதிரி நாட்டுக்காரர்கள்' என்று எழுதினால் அரசாங்கத்தின் அன்றைய வாதத்தை நீங்களே ஒப்பிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, "ஜப்பானியர்களைக் கைது செய்ய ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார்." 1942 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையை எடுத்துப் படித்துப் பாருங்கள், ஜப்பான் என்ற பெயரே அதில் வராது. ராணுவத் தளபதிகள் ஒரு பகுதியைக் குறித்து, அங்கிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்றுதான் அது சொல்கிறது. அந்த 'யாரை' என்ற காலி இடத்தை மேற்குக் கரைத் தளபதி ஜெனரல் ஜான் டிவிட் நிரப்பினார். ரூஸ்வெல்ட்டின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. பெயர் போடாமல் எழுதியதே வசதிக்காகத்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தரும் தவறு, "போர்ப் பதற்றம், யார் விசுவாசி யார் துரோகி என்று ஒவ்வொருவராக விசாரிக்க நேரமில்லை" என்பது. பார்க்க நியாயமாகத் தெரிவதால் பலரும் இதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதமும் இதுவே. ஆனால் டிவிட் 1943 ஏப்ரலில் அச்சடித்துக் கொடுத்த இறுதி அறிக்கை வேறு மாதிரி சொன்னது: நேரம் போதவில்லை என்பது காரணமே இல்லை, இந்த மக்களில் விசுவாசியைத் தனியே பிரித்தெடுப்பது எப்போதும் நடக்காத காரியம் என்றது. அதாவது ரத்தத்தைப் பார்த்து எடுத்த முடிவு. வாஷிங்டனில் போர்த்துறை அதிகாரிகள் அதைப் பார்த்துத் திகைத்தார்கள். வெளியேற்றத்துக்கு எதிரான வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கி எரித்தார்கள். எரித்துவிட்டதாகச் சான்றும் எழுதி வைத்தார்கள்!

ஆனால் ஒரு பிரதி தப்பிவிட்டது. பதினேழு வயதில் மன்ஸனார் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஐகோ ஹெர்சிக்-யோஷினாகா, 1982-ல் தேசிய ஆவணக் காப்பகத்தில் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. பென்சிலாலும் பேனாவாலும் திருத்தங்கள் போடப்பட்ட பிரதி. வெளியேற மறுத்ததற்காகப் போர்க்காலத்தில் தண்டிக்கப்பட்ட பிரெட் கொரமட்சுவின் தண்டனையை மறு ஆண்டே சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ரத்து செய்ததில் இப்படி வெளிவந்த ஆவணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவும் வெளியே வந்த பிறகும் 'நேரமில்லை' கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஆவணமே இல்லாவிட்டாலும் கணக்கு உதைக்கும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த இரண்டொரு நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியப் பெரியவர்களை எஃப்.பி.ஐ. பெயர்ப் பட்டியலோடு போய்க் கைது செய்துவிட்டது. மொத்த மக்களையும் வெளியேற்றும் வேலை தொடங்கியது மார்ச் கடைசியில். அதற்குள் எத்தனையோ பேரை விசாரித்திருக்கலாம். தாக்குதல் நடந்த ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே அடைக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அத்தனை பேரையும் கப்பல் ஏற்றினால் தீவின் தொழிலே படுத்துவிடும் என்பது அங்குள்ள தளபதிக்குத் தெரிந்திருந்தது. மேற்குக் கரையில் நிலைமை நேர்மாறு. ஜப்பானிய விவசாயிகள் போனால் காய்கறிச் சந்தை நமக்கு என்று காத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வேவு பார்த்ததாகவோ நாசவேலை செய்ததாகவோ ஜப்பானிய அமெரிக்கர் ஒருவர்மீதுகூட ஆதாரம் கிடைக்கவில்லை என்று பிற்பாடு நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் சொன்னது. மன்ஸனாரில் அநாதைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு இல்லம் நடந்தது. அதில் கைக்குழந்தைகளும் உண்டு.

நாஜி வதை முகாம்களோடு ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு. இங்கே கொலைத் திட்டம் கிடையாது. அதற்காக "அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் வைத்திருந்தார்கள்" என்று மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. பல குடும்பங்கள் முதல் சில மாதங்களைக் குதிரைப் பந்தய மைதானங்களில், சாண வாடை போகாத லாயங்களில் கழித்தன. அப்புறம்தான் பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலுமாகப் பத்து முகாம்கள். காவல் கோபுரத்துத் துப்பாக்கிகள் உள்பக்கம் பார்த்து நின்றன. 1943 ஏப்ரலில் டோபாஸ் முகாமில் வேலியோரமாக நடந்த 63 வயது ஜேம்ஸ் வகாஸாவை ஒரு காவல் சிப்பாய் சுட்டுக் கொன்றான். ராணுவ நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதும்போதும் கவனம் வேண்டும். 1944 டிசம்பர் 18 அன்று கொரமட்சு வழக்கில் 6-க்கு 3 என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது வெளியேற்ற உத்தரவைத்தான். அதே நாளில் மிட்சுயே எண்டோ வழக்கில், விசுவாசமானவர் என்று அரசே ஒப்புக்கொண்ட குடிமகளை அடைத்து வைக்க முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். அரசு முந்தைய நாளே தடையை நீக்கும் அறிவிப்பை வெளியிட்டுவிட்டது. "நீதிமன்றம் முகாம்களைச் சரி என்றது" என்று ஒரே வரியில் முடித்தால் எண்டோ காணாமல் போய்விடுகிறார்.

"எதிர்ப்பே காட்டாமல் போனார்கள், பிறகு ராணுவத்தில் சேர்ந்து விசுவாசத்தை நிரூபித்தார்கள்" என்பது எழுத சுகமான கதை. ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442-ஆம் படைப்பிரிவின் வீரம் உண்மை. 1943-ல் முகாம்களில் நீட்டப்பட்ட கேள்வித்தாளும் உண்மை. போருக்குப் போவாயா என்று 27-ஆவது கேள்வி. ஜப்பானியப் பேரரசர்மீதான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்று 28-ஆவது. அமெரிக்கக் குடியுரிமையும் கிடையாது என்ற நிலையில் பெரியவர்கள் இதற்கு 'ஆம்' போட்டால் நாடற்றவர்கள். பிள்ளைகளுக்கோ இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது என்ற குழப்பம். 'இல்லை, இல்லை' என்றவர்கள் டூலி லேக் முகாமுக்குத் தள்ளப்பட்டார்கள். ஹார்ட் மவுண்டன் முகாமில் 63 இளைஞர்கள், "முதலில் எங்கள் உரிமையைத் திருப்பிக் கொடு" என்று ராணுவ அழைப்பை மறுத்துச் சிறைக்குப் போனார்கள். இவர்களை விட்டுவிட்டு வீரர்களை மட்டும் எழுதுவது பாதிக் கதை.

கட்டுரைக்குப் படம் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஆன்சல் ஆடம்ஸ் மன்ஸனாரில் எடுத்த படங்களில் சிரித்த முகங்கள் நிறைய. முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எடுக்க அவருக்கு அனுமதி கிடையாது. வெளியேற்றத்தைப் படமெடுக்க அரசே அமர்த்திய டோரதியா லாங்கின் படங்களைப் போர் முடியும்வரை ராணுவம் முடக்கி வைத்திருந்தது. உள்ளே அடைபட்டிருந்த டோயோ மியாடகே லென்ஸை ஒளித்துக் கொண்டுபோய், மரப்பெட்டியில் கேமரா செய்து எடுத்தார். யார் எடுத்தது என்று பார்த்துப் போடுங்கள்.

இது அமெரிக்கக் கதை மட்டும் என்று நினைப்பதும் தவறுதான். கனடா சுமார் 22,000 பேரை உள்நாட்டுக்கு விரட்டி, வீட்டையும் மீன்பிடிப் படகுகளையும் விற்றது. 1949 வரை அவர்கள் கடற்கரைக்குத் திரும்ப முடியவில்லை. மலாயா, சிங்கப்பூரில் இருந்த ஜப்பானியக் குடும்பங்களைப் பிரிட்டிஷ் அரசு கப்பலில் ஏற்றி டெல்லி புராணா கிலாவுக்குள் கூடாரத்தில் வைத்தது. பிறகு ராஜஸ்தானின் தேவ்ளிக்கு மாற்றியது. அதே தேவ்ளியில்தான் 1962 போரின்போது சுதந்திர இந்தியா தன் சீன வம்சாவளியினரைக் கொண்டுபோய் அடைத்தது. நம் பாடப்புத்தகங்களில் இதைத் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக நஷ்டஈடு. "ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். ரேகன் சட்டத்தில் கையெழுத்திட்ட 1988 ஆகஸ்ட் 10 அன்று உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அது. அதற்குள் வீட்டையும் கடையையும் அடிமாட்டு விலைக்கு விற்ற தலைமுறையில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரு முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்கா பிடித்துவந்து டெக்சாஸில் அடைத்த ஜப்பானியர்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. பாஸ்போர்ட்டைப் பறித்துக் கப்பலேற்றிவிட்டு, கரை இறங்கியதும் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று அவர்களைப் பதிவு செய்திருந்தது அரசு. வழக்குப் போட்டு, 1998-ல் ஆளுக்கு 5,000 டாலருக்குச் சமரசம் பேசிக்கொண்டார்கள்.