கிராமத்து வீட்டைச் சுற்றித் தோட்டம்: முதல் வருடம் மண்ணோடுதான் வேலை

வீடு கட்டி முடித்ததும் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். கன்றுகளை மொத்தமாக வாங்கி வந்து நட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். புது வீட்டுத் தோட்டத்தில் செடி பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் மண்தான் காரணம். கட்டட வேலை நடக்கும்போது லாரி ஏறி இறங்கி நிலம் இறுகியிருக்கும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண்ணை மேலே பரப்பியிருப்பார்கள். சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீர் ஊறிய இடத்தில் காரத்தன்மை ஏறியிருக்கும்; அங்கே வைத்த செடியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அந்த இடத்தில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிவிட்டு நல்ல மேல்மண் நிரப்புவதே சரியான வழி. உரம் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பது வீண் செலவு.

அடுத்தது வடிகால். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதும் வடிந்தபின் மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் இறங்கினால் நல்ல மண். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் வேர் அழுகும். அங்கே மேட்டுப்பாத்திதான் போட வேண்டும். உயரம் 8 முதல் 10 அங்குலம், அகலம் 4 அடி. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்டும் என்பதால்தான் இந்த அகலம். பாத்திக்குள் கால் வைத்தால் கொத்திய மண் மறுபடி இறுகிவிடும்.

ஈரத்தோடு கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி விரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். பள்ளம் மட்டும் விழுந்தால் இன்னும் காய வேண்டும். களிமண்ணை ஈரத்தில் கிளறினால் காய்ந்தபின் கல் போன்ற கட்டிகளாகிவிடும்.

கொத்தியபின் 2 அங்குலம் மக்கிய உரம் பரப்புங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி பிடிக்கும். பச்சைச் சாணம் வேண்டாம், வேரைக் கருக்கும். மக்காத மரத்தூளை மண்ணில் கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். நீங்களே உரம் தயாரிப்பதானால் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாவது இருக்கட்டும், இல்லையென்றால் சூடேறாது. பச்சைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். சருகு சேர்த்துக் கிளறிவிடுங்கள்.

மரக்கன்றுக்குக் குழி அகலமாக இருக்கட்டும், ஆழமாக வேண்டாம். வேர்மண் கட்டியின் உயரமே குழியின் ஆழம், கட்டியின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு குழியின் அகலம். ஆழமாகத் தோண்டி அடியில் பொதபொதப்பான மண்ணைப் போட்டால், அது அமுங்கும்போது கன்றும் இறங்கும். தண்டின் அடிப்பகுதி புதைந்து மெல்ல அழுகும். வெளியே தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். மண்ணின் மேல் சருகு பரப்பி மூடும் மூடாக்கு 2 முதல் 3 அங்குலம் போதும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். அப்போதுதான் வேர் கீழே இறங்கும்.

முதல் பருவத்தில் களை அசர வைக்கும். கொத்தும்போது ஆழத்தில் கிடந்த விதைகள் மேலே வந்து முளைப்பதுதான் காரணம். பூக்கும் முன்பே பிடுங்கிக்கொண்டே வந்தால் அடுத்தடுத்த பருவங்களில் குறையும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்தால் மருந்து தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர் சீராகப் போகாததால் சுண்ணாம்புச்சத்து காய்க்கு எட்டியிருக்காது.

ஒரு வருடம் இப்படிப் பார்த்துக்கொண்ட பாத்தியில் கையை விட்டுப் பாருங்கள். கடப்பாரை இறங்காத இடத்தில் விரல் இறங்கும், மண்புழு நெளியும், ஊற்றிய தண்ணீர் தேங்காமல் உள்ளே போகும். முதல் காயைப் பறிப்பதைவிடப் பெரிய சந்தோஷம் இதுதான். ஒன்றிரண்டு பாத்திகளோடு நிறுத்தி, அடுத்து போட நினைக்கும் இடத்தை இப்போதே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, மேலே சருகு கொட்டி மூடி வையுங்கள். ஒட்டுநாடாவை மறக்காமல் உரித்துவிடுங்கள், அது மக்காது.