கின்கோவின் கழுத்தை இறுக்கிய வேர்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம் நட்ட கின்கோ மரம், இலை விட்டதே தவிர வளரவில்லை. இலையுதிர்காலத்திலும் வெளிறிய மஞ்சள்தான். மெதுவாக வளரும் மரம் என்றாலும் இது அநியாயம்!

அடிமண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தேன். நடும் முன்பு தொட்டியில் இருந்தபோதே வளைந்து வளர்ந்த, விரல் தடிமன் வேர் ஒன்று தண்டை இறுக்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில், துளிர்க்கும் முன்பே, அதை உளியால் வெட்டி எடுத்தேன். வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்படி மண்ணைத் தாழ்த்தி, சுற்றிலும் புல்லை அகற்றி, தண்டில் படாமல் மரச்சில்லுகளைப் பரப்பினேன். வெயிலை மறைத்த மேப்பிள் கிளைகளையும் கழித்தேன். கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர்.

அடுத்த ஆண்டு கிளைகள் நீண்டன; இலைகள் முழுப் பொன்னிறம். கடும் உறைபனி விழுந்த மறுநாள் அத்தனையும் ஒரேயடியாக உதிர்ந்தன. அது கின்கோவின் சுபாவம், பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது ஒட்டுக்கட்டிய ஆண் மரமாகக் கேளுங்கள். பெண் மரத்தின் விதைச்சதை, கெட்டுப்போன வெண்ணெயாக நாறும்.