நாடகமும் அரங்கியலும் வினாத்தாள்: புள்ளி கசியும் இடங்கள்

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நாடகமும் அரங்கியலும் பாடத்தில் அதிகம் புள்ளி போவது கதை சொல்வதில்தான். சோபொக்கிளிஸ் எழுதிய கிரேக்க நாடகமான 'ஈடிப்பஸ் மன்னன்'இல் அவலம் எவ்வாறு வெளிப்படுகிறது என்று கேட்டால், தீப்ஸ் நகரின் கொள்ளைநோயில் தொடங்கி, மன்னன் கண்களைக் குத்திக்கொள்வது வரை இரண்டு பக்கம் ஓடுகிறது. எழுதியவருக்கு முழு நாடகமும் தெரியும். ஆனாலும் கேள்விக்கு விடை அதில் இல்லை.

விடை இங்கே இருக்கிறது: அரசி யொக்கஸ்தா தூக்கிட்டுக்கொள்வதும் ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வதும் மேடையில் நடப்பதே இல்லை. அரண்மனைக்குள்ளிருந்து வரும் தூதன் சொல்லித்தான் பார்வையோர் அறிகிறார்கள். முதலில் காதால் கேட்டு மனத்தில் ஒரு காட்சியை உருவாக்கிக்கொண்ட பிறகே, கண்ணிழந்த மன்னன் ஸ்கீனேயின் (மேடைக்குப் பின்னாலுள்ள கட்டடத்தின்) கதவு வழியாக வெளியே வருகிறான். கொடுமையை மறைத்து, அதன் விளைவை மட்டும் காட்டும் இந்த ஒழுங்கைப் பற்றி நான்கு வரி எழுதினாலே அது அரங்கியல் விடையாகிவிடும்.

இதற்குப் பழக ஒரு வழி உண்டு. பாடநூலாக உள்ள நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யார் எங்கிருந்து வருகிறார்? பார்வையோர் எதைக் காண்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்? கோரஸ் (பாடி ஆடும் குழு) அல்லது உரைஞர் (கதை சொல்பவர்) அப்போது என்ன செய்கிறார்? பாத்திரம் அறியாத எதை நாம் அறிந்திருக்கிறோம்? கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்யும் நேரத்தை இந்தப் பக்கங்களுக்குக் கொடுக்கலாம்.

எழுத்துருவையும் அளிக்கையையும் ஒன்றாகக் கருதுவதும் இதே தவறின் இன்னொரு முகம். 'மண் சுமந்த மேனியர்' குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகம் என்று மட்டும் எழுதி நிறுத்துகிறார்கள். 1985இல் அதை நெறியாள்கை செய்தவர் க. சிதம்பரநாதன். மேடைப் பயன்பாடு, உடல்மொழி, குழுநிலை அசைவு என்று வினா வரும்போது நெறியாளரைக் குறிப்பிடாத விடை பாதியில் நிற்கும். இதற்கு நேர்மாறான குழப்பம் 'மனோன்மணீயம்'. 1891இல் வெளிவந்த அந்த நூல் படிப்பதற்கென எழுதப்பட்ட செய்யுள் நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே 1891. ஆண்டு ஒன்றாக இருப்பதால் சபையின் மேடைக்கென எழுதப்பட்ட நாடகமாக மனோன்மணீயத்தைச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

பெயரும் எண்ணும் தடுமாறும் இடங்கள்

கிரேக்க அரங்கில் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைக் கொண்டுவந்தவர் சோபொக்கிளிஸ். பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள். அவலநாடகக் கோரஸின் தொகையை 12இலிருந்து 15 ஆக உயர்த்தியவரும் சோபொக்கிளிஸ்தான். இன்பியல் (நகைச்சுவை) நாடகத்துக்கு 24 பேர். 'பரடொஸ்' என்ற சொல் இரண்டு பொருளில் வரும்: கோரஸ் நுழையும் பக்கவழியும் அதுதான், நுழைந்ததும் பாடும் பாடலும் அதுதான். வினா அரங்கக் கட்டடத்தைப் பற்றியதா, நாடக அமைப்பைப் பற்றியதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

அரிஸ்டோட்டில் மூன்று ஒருமைகளை விதித்தார் என்ற வாக்கியம் ஒவ்வொரு கையேட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வலியுறுத்தியது செயல் ஒருமை. காலத்தைப் பற்றி, சூரியனின் ஒரு சுற்றுக்குள் அடங்க அவலநாடகம் முயல்கிறது என்று மட்டுமே சொல்கிறார். இட ஒருமையை அவர் விதிக்கவில்லை. மூன்றையும் சட்டமாக்கியவர்கள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய விளக்கவுரையாளர்கள், குறிப்பாகக் கஸ்தெல்வெத்ரோ.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடை அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். இதில் இரண்டு பிழைகள் வழமையாக வருகின்றன. ஒன்று, அகலமும் நீளமும் இடம்மாறுவது. மற்றது, நான்கு கோலை மேடையின் உயரமாக எழுதுவது. நிலத்திலிருந்து மேடைத் தளம் ஒரு கோல். தளத்துக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் இடைப்பட்ட வெளிதான் நான்கு கோல். ஒரு கோல் என்பது 24 விரல். வாயில் இரண்டு, எழினி (திரை) மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. பக்கவாட்டுத் தோற்றமாக ஒருமுறை கீறிப் பார்த்தால் அந்த நான்கு கோல் பிறகு குழம்பாது.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாட்டிலும் இப்படியே. தொல்காப்பியம் சொல்வது எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நாட்டிய சாஸ்திரத்தின் இரசமும் எட்டாகவே எண்ணப்பட்டது. சாந்தம் பின்னர் சேர்ந்தது. 'நவரசம்' என்று பேச்சில் பழகிய காரணத்தால் தொல்காப்பியர்மீதும் ஒன்பதை ஏற்றிவிடக்கூடாது.

ஒப்பிடச் சொன்னால் ஒப்பிடுங்கள்

கூத்தின் இரண்டு மரபுகளில் வடமோடி பற்றி ஒரு பந்தி, தென்மோடி பற்றி ஒரு பந்தி எழுதி, 'இவ்வாறு இரண்டும் வேறுபடுகின்றன' என்று முடிப்பது ஒப்பீடு ஆகாது. கதை, உடை, ஆட்டம், பாடல் என்று அடிப்படைகளை முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். உடையை எடுத்தால், வடமோடியில் வட்டமாக விரிந்த பாரமான கரப்புடுப்பும் கிரீடமும். தென்மோடியில் பாரம் குறைந்த உடுப்பு. அந்தப் பாரம் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் விடை பளிச்சென்று நிற்கும். வடமோடி என்றதும் வடமாகாணம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் இரண்டு மோடிகளும் ஆடப்படுகின்றன. மலையகத்துக்குக் காமன் கூத்தை மட்டும் எழுதி, அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் விட்டுவிடுவது இன்னொரு வழக்கம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணி பற்றிய வினாவுக்கு, 'அழிந்துகொண்டிருந்த கூத்துக்கு உயிர் கொடுத்தார்' என்ற வாக்கியத்தால் புள்ளி கிடைக்காது; அது பாராட்டு. 1960களில் பேராதனையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். விடியவிடிய ஆடிய கூத்து குறுகிய நேரத்துக்குள் சுருங்கியது. சுற்றிவரப் பார்வையோர் இருந்த வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்தது. எல்லாப் பக்கமும் திரும்பி ஆடிய கூத்தர் ஒரு பக்கத்துக்கு முகம் காட்ட வேண்டியதாயிற்று. மின்னொளி வந்தது. பல்கலைக்கழக மாணவர் ஆடினர். இந்த மாற்றங்களால் கிடைத்ததையும் இழந்ததையும் சேர்த்து எழுதினால்தான் அது 'மதிப்பிடுக' என்ற வினாவுக்குரிய விடை. 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தில் 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவத்தைக் கையாண்டதை இதனோடு தொடர்புபடுத்தத் தெரிந்தவர் இன்னும் ஒரு படி மேலே நிற்பார்.

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் பற்றி ஒரே குறிப்பு: அவர் உணர்ச்சியை விலக்கினார் என்று எழுதாதீர்கள். உணர்ச்சியில் மூழ்கிப் பார்வையோர் சிந்திக்க மறந்துவிடுவதைத்தான் அவர் தடுக்கப் பார்த்தார். பதாகை, பாட்டு, வெளித்தெரியும் விளக்குகள் என்று பட்டியல் போட்டால், ஒவ்வொன்றும் எதைத் தடுத்து எதைத் தூண்டுகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

மேடைப் படம் கேட்கும் வினாக்களில் வலமும் இடமும் நடிகருடையவை. பார்வையோரை நோக்கி நிற்பவரின் வலக்கைப்பக்கமே மேடை வலம். தாளின் அடிப்பக்கத்தில் 'பார்வையோர்' என்று முதலில் குறித்துவிட்டுக் கீறத் தொடங்கினால், மேடை வலம் தாளின் இடப்பக்கம் வரும். அதன் பிறகு நுழைவழிகள், எழினி, பொருட்கள், இறுதியில் நடிகர் நிற்கும் இடம். பென்சிலால் கீறி, பெயர்களைப் படத்துக்கு வெளியே கோடிழுத்து எழுதுங்கள்.

நேரத்தைப் பங்கிடும்போது ஒவ்வொரு பகுதிக்கும் அடைப்புக்குள் உள்ள புள்ளியைப் பாருங்கள். 2 புள்ளிக்கு அரைப்பக்கம் எழுதிவிட்டு, 8 புள்ளிப் பகுதியை ஐந்து வரியில் முடித்த விடைத்தாள்கள் குறைவில்லை. கடந்தகால வினாத்தாள்களைப் புள்ளியிடும் திட்டத்தோடு வைத்துப் படியுங்கள். ஒரு புள்ளிக்குக் குறைந்தது ஒரு தனித் தகவல் என்ற கணக்கு அதில் தானாகவே தெரியும்.