கன்றுக்கு ரத்தம் நிற்கவில்லையா? முதலில் உறைகிறதா என்று பாருங்கள்

காது வில்லை போட்ட இடத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஊசி குத்திய இடம் அரை மணி நேரமாகியும் காயவில்லை. நம்மில் பலர் மஞ்சளை அப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அது வேண்டாம். சுத்தமான துணியை மடித்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தொப்புளில் கசிந்தால், வயிற்றிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிக் கொதிக்க வைத்த நூலால் கட்டி, டிஞ்சர் அயோடின் தடவுங்கள். அதற்குள் வீட்டில் ஒருவர் 1962-ஐ (கால்நடை ஆம்புலன்ஸ்) அழைக்கட்டும்.

அடுத்து, வேறு எங்கே ரத்தம் என்று தேடுங்கள். சாணத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் குடல் கோளாறு. 3 வாரம் தாண்டிய கன்றுக்கு ரத்தக்கழிச்சல் என்றால் முதல் சந்தேகம் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. ஈறு, கண் இமையின் உட்புறம் ஆகியவற்றில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்திருக்கலாம். தோலுக்கடியில் பெரிய ரத்த வீக்கம், மூட்டு வீக்கம் என்றால் உறைதலிலேயே கோளாறு. இமை வெளிறிப்போயிருந்தால் நேரம் மிகக் குறைவு.

இனி முக்கியமான சோதனை. மருத்துவரிடம் 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கூடாது. 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பாருங்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குச் செய்வதும் இதே சோதனைதான்.

தண்ணீராகவே ஓடினால் இரண்டு கேள்வி: தீவன அறையில் எலி கேக் வைத்தீர்களா? கண்ணாடி விரியன் கடித்திருக்குமா? விரியன் என்றால் விஷமுறிவு மருந்துதான். எலி கேக் என்றால் வைட்டமின் கே1. கே3 ஊசி இதற்கு உதவாது, மருந்துச் சீட்டில் எண்ணைக் கவனியுங்கள்.

உறைந்துவிட்டதா? அப்போது ரத்தத்தை உறையாமல் வைக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் அனுப்பித் தட்டணுக்களை எண்ண வேண்டும். மாட்டுக்கு மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல் இருப்பது இயல்பு. கூடவே காய்ச்சலும் தோள்பட்டை முன் நெறிக்கட்டும் இருந்தால் உண்ணி பரப்பும் தைலேரியா நோயாக இருக்கலாம்; ரத்தப் பூச்சை (கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தம்) நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தால் புபார்வாகோன் ஊசி உண்டு.

(2007 முதல் ஐரோப்பாவில் கன்றுகள் இப்படி ரத்தம் கசிந்து இறந்தன. தாய்க்குப் போட்ட ஒரு தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருள் சீம்பால் வழியே கன்றின் எலும்பு மஜ்ஜையை அழித்தது. 2010-ல் அந்தத் தடுப்பூசியை நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள்!)

எலி கேக்குக்குப் போட்ட கே1 வேலை செய்யச் சில மணி நேரமாகும். கன்று வெளிறியிருந்தால் அதுவரை தாங்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி, அதாவது 30 கிலோ கன்றுக்கு 300 முதல் 450 மில்லி. ஆரோக்கியமான மாட்டிலிருந்து எடுக்கலாம். முதல் தடவை ஒவ்வாமை அரிது, ஆனாலும் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கன்று தேறும்வரை கொம்பு சுடுவது, காது வில்லை, சதை ஊசி, வலி மாத்திரை எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். எலி மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். எனவே கன்று துள்ளி ஓடினாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை கே1 போகட்டும். நிறுத்தி 2 நாள் கழித்து அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனையை மறுபடி செய்யுங்கள்.