கத்தரிக்குக் கலப்பு: எந்தப் பூ, எந்த நாள்

ஓர் இனத்துப் பூவின் மகரந்தத்தை இன்னோர் இனத்துப் பூவில் கையால் தூவுவதுதான் கலப்பு. கத்தரியில் அது பிடிக்கவில்லை என்றால் முதலில் பூவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே செடியில் நீண்ட சூல்தண்டுப் பூவும் இருக்கும், குட்டையானதும் இருக்கும். மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்க, அதற்கு மேலே சூல்தண்டின் நுனியான, மகரந்தத்தை ஏற்கும் பச்சைச் சூல்முடி தலை நீட்டினால் அந்தப் பூ காய்க்கும். சூல்முடி உள்ளே ஒளிந்திருந்தால் எத்தனை தரம் தூவினாலும் உதிரும்.

காய் பிடிக்கும் தாய்ச் செடிக்கு, தண்டில் ஊதா ஓடாத பச்சைக்காய் இனம் நல்லது. மகரந்தம் தரும் தந்தை, தின்னவேலி ஊதா போன்ற ஊதாக்காய் இனமாக இருக்கட்டும். அதன் நாற்றுத் தண்டும் ஊதாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊதா மேலோங்கும் குணம். ஆகவே கலப்பு விதையை முளைக்கவிடும்போது பச்சைத் தண்டோடு வருவது தாய் தன் மகரந்தத்தாலேயே காய்த்தது, பிடுங்கி எறியலாம்.

வன்னியில் ஐப்பசிக் கடைசியில் கூரையிட்ட மேடையில் விதைத்து, மார்கழித் தொடக்கத்தில் நட்டால், மழை ஓய்ந்த தை, மாசியில் பூ கிடைக்கும். சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் காலத்தில் சூல்முடி காய்ந்துவிடும். வெயில் 35 பாகை தாண்டினால் மகரந்தமும் சோரும்.

பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, இதழ் நிறம் பிடித்து, நாளைக் காலை விரியப்போகும் மொட்டாகத் தாய்ச் செடியில் தேடுங்கள். கூர்ச் சாமணத்தால் இதழைப் பிரித்து, மகரந்தப் பைகளை அடிக்காம்பில் பிடித்து ஒவ்வொன்றாக இழுங்கள். நுனியில் நசித்தால் தூள் கொட்டும், சூல்பையில் கீறல் பட்டால் பிஞ்சு விழும். 5 அல்லது 6 பை இருக்கும், எண்ணுங்கள். நுனித்துளை ஏற்கெனவே திறந்திருந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள், ஆசைப்படாதீர்கள். மெல்லிய கடதாசிப் பை போட்டு நூலால் கட்டுங்கள். தந்தைச் செடியின் மொட்டுக்கும் அன்றே பை. செடி மாறும்போது சாமணத்தை ஸ்பிரிட்டில் துடைக்க மறக்கக்கூடாது.

மறுநாள் 7 மணியிலிருந்து 10 மணிக்குள் தூவுங்கள். கத்தரி மகரந்தம் பையின் நுனித்துளை வழியாகவே வரும், பூவோடு பூவைத் தேய்த்தால் அதிகம் ஒட்டாது. தந்தைப் பூவைப் பெருவிரல் நகத்தின்மேல் தலைகீழாகப் பிடித்துச் சுண்டினால் வெளிர்த் தூள் விழும். சூல்முடியை அதில் முழுதாகத் தோய்த்து, திரும்பப் பை போடுங்கள். தாய், தந்தை, திகதி மூன்றையும் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனை மை பனியில் கரையும். குரங்கு வரும் காணியென்றால் வெள்ளைப் பை வேண்டாம், மண்ணிறக் கடதாசி போதும்.

4, 5 நாளில் பிஞ்சு பருத்தால் பையைக் கழற்றலாம். செடிக்கு 3, 4 கலப்புக் காய் போதும், மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். 50 முதல் 60 நாளில் காய் மஞ்சளாகிக் கபிலமாகும். சில நாள் வைத்து, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்துங்கள்.

முதல் தலைமுறை ஒரே மாதிரி நிற்கும். அதில் தெரிவு செய்ய ஒன்றுமில்லை. குணங்கள் பிரிவது இரண்டாம் தலைமுறையில்தான். அப்போது 150 கன்றுக்குக் குறையாமல் நடுங்கள். வாடிய கன்றின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். பால்போல வெள்ளை நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். அதே பாத்தியில் வாடாமல் நின்றவற்றில் விரும்பிய காய் உள்ளதைக் குறித்து, விரியுமுன் மொட்டுக்குப் பை போட்டு விதை எடுங்கள். பை போடாத பூவுக்குத் தேனீ அயல் மகரந்தம் கொண்டுவரும். வருடத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு ஒரு தலைமுறை என்றால், கலப்புச் செய்த போகத்தையும் சேர்த்து ஆறாம் தலைமுறைக்கு வர மூன்றரை வருடம் எடுக்கும்.