குறுகிய மலைச்சுற்று ஓட்டம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் நான் மலையுச்சியில் நின்றிருந்தபோது, புதியவர்கள் நால்வர் மூச்சிரைக்க ஓடி ஏறி வந்து, கடைசிப் பாறையைத் தொட்டதும் கைக்கடிகாரத்தை நிறுத்தினார்கள். கீழே இறங்கப் பாதி வழி மீதமிருந்தது. அதே இடத்தில் அதே வேலையைச் செய்தவன் என்பதால்தான் எனக்கு அத்தனை எரிச்சல் வந்தது. தண்ணீர் எடுத்துச் செல்வது, லேஸை இறுக்கிக் கட்டுவது போன்றவற்றை இங்கே நான் சொல்லப்போவதில்லை.

கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கிளம்புவது

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் நடப்பவர்களுக்காகச் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது 600 மீட்டர் ஏற்றமுள்ள 8 கிலோமீட்டர் சுற்று, நேரக் கணக்கில் சமதளத்து 13 கிலோமீட்டருக்குச் சமம்.

உச்சியோடு கால்களின் பலத்தைத் தீர்த்துவிடுவது

நான் பெரிய விலை கொடுத்த தவறு இதுதான். என் முதல் சுற்றில் ஓரடிகூட நடக்கக் கூடாது என்ற வீம்புடன் ஏறி முடித்தபோது முழங்கால்கள் நடுங்கின. மறுபக்க இறக்கத்தில் சரளையைக் கண்ட பயத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கினேன். இறங்கும்போது முன்தொடைத் தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அந்நிலையில் ஒவ்வோர் அடியிலும் பிரேக் போட்டால் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. போதாததற்கு, குதிகாலை ஊன்றியதாலேயே அது வழுக்கி, உள்ளங்கையில் சரளை பதிய விழுந்தேன். தசைச் சிதைவால் வரும் தொடை வலி ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படியில் பின்புறமாக இறங்கினேன். பணம் கட்டிப் பதிவு செய்திருந்த போட்டியும் கைவிட்டுப் போயிற்று.

செங்குத்தான ஏற்றத்தில், ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கலாம்; அதில் அவமானம் எதுவும் இல்லை, பெரும்பாலும் நேர இழப்பும் இல்லை. இறக்கத்தில் அடிகள் குறுகியவையாகவும் விரைவானவையாகவும் இருக்க வேண்டும். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்க வேண்டும். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே சிறிய இறக்கங்களில் ஓடிப் பழகியவரின் தொடை அடுத்த முறை அத்தனை வலிப்பதில்லை. ஏற்றத்தை மட்டும் பயிற்சி செய்துவிட்டு, ‘இறக்கம்தானே’ என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பொறுக்க முடிவதில்லை.

வியர்த்த சட்டையோடு உச்சியில் உட்காருவது

முதலில் காற்றுத் தடுப்புச் சட்டை, பிறகு புகைப்படம்.

புதுக் காலணியை அன்றே அணிவது

வேண்டாம்.

சுற்றும் திசையை யோசிக்காமல் கிளம்புவது

சுற்றுப்பாதையில் பெரும்பாலும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். புதியவர்கள் செங்குத்தான பக்கத்தில் ஏறிச் சாய்வான பக்கத்தில் இறங்குவதே நல்லது. அந்த நால்வரிடமும் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுச் செங்குத்தான பக்கமாகவே இறங்கினார்கள். சரளை உருளும் சத்தம் வெகுநேரம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.