குமரிக் கரையில் தீம் ரிசார்ட் ஹோட்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பொழுதுபோக்குப் பூங்காவை ஒட்டி ஹோட்டல் கட்ட ஒருவர் முடிவெடுத்தால், முதல் கூட்டத்திலேயே "தீம் என்ன வைக்கலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். கடற்கொள்ளையர் கப்பலா, ராஜஸ்தான் அரண்மனையா, நடுவே முற்றம் வைத்த கேரளத்து நாலுகெட்டு வீடா என்று பேச்சு ஓடும். அதே நேரத்தில் இன்ஜினியர் வேறோர் இடத்தில் உட்கார்ந்து அறைகளை வரிசையாக அடுக்கி பிளானை முடித்திருப்பார். நான் பார்த்தவரை மற்ற எல்லாத் தவறுகளும் இங்கேதான் தொடங்குகின்றன. கட்டடம் எழும்பி முடிந்த பிறகு எலிவேஷனில், அதாவது வெளிமுகப்பில், தீம் அலங்காரத்தை ஒட்ட வேண்டியதாகிவிடுகிறது. ஒட்டியது எதுவும் இந்தக் கடற்காற்றில் நெடுநாள் நிற்காது.

ஃபுளோரிடாவில் 1971-ல் திறந்த டிஸ்னியின் கன்டெம்பரரி ரிசார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தீம் சிலையோ சிற்பமோ வைத்து உண்டாக்கியது அல்ல. பூங்காவுக்குப் போகும் மோனோரயில் ஹோட்டலின் நடுக்கூடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது, எதிர்காலம் என்ற தீம் அதிலேயே வந்துவிடுகிறது. 2001-ல் வந்த அனிமல் கிங்டம் லாட்ஜில் கட்டடத்தையே வளைத்துக் கட்டி, பல அறைகளின் பால்கனியிலிருந்து ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்க்கும்படி செய்தார்கள். இரண்டிலும் தீம் என்பதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் கட்டடத்தையே இடிக்க வேண்டும். உங்கள் பிளானிலிருந்து அலங்காரத்தை எல்லாம் மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். வெறும் லாட்ஜ்தான் மிஞ்சுகிறது என்றால், வரைபடத்தை மறுபடி தொடங்குவதுதான் செலவு குறைந்த வழி.

இந்த ஊரிலேயே அதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. 1956-ல் கட்டிய காந்தி மண்டபத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று கூரையின் வழியாக வரும் சூரிய ஒளி, காந்தியின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழும். சொல்ல வந்த செய்தியைக் கூரையில் விட்ட ஒரு திறப்பே சொல்லிவிடுகிறது. சூரிய உதயத்துக்காகவே உலகம் வரும் ஊரில் இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் சூரியனை லாபிச் சுவரில் ஓவியமாகத்தான் வைக்கிறார்கள்.

அடுத்த தவறு, ரோட்டைப் பார்த்த பக்கத்தை மட்டும் முகப்பு என்று நினைப்பது. முனையில் இருக்கும் ஊரில் கட்டடத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பூம்புகார் கப்பல் கழகத்தின் படகில் ஏறிக் கடலுக்குள் நகர்ந்ததும் திரும்பிப் பாருங்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நின்றும் பாருங்கள். கரையில் தெரிவதெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள், ஏசி வெளி யூனிட்டுகள், பூசாத பக்கச் சுவர்கள், மொட்டைமாடித் தகரக் கொட்டகைகள். முன்னால் அரண்மனை வாசல் வைத்த ஹோட்டலுக்கும் அதே முதுகுதான்.

டிஸ்னிக்காரர்கள் இந்த விஷயத்தில் மிகவும் கறார். 1994-ல் திறந்த டவர் ஆஃப் டெரர் என்ற சவாரிக் கட்டடம் 199 அடி உயரம். 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும், பழைய ஹாலிவுட் ஹோட்டல் என்ற தோற்றம் அதோடு போய்விடும். அது மட்டுமல்ல, பக்கத்துப் பூங்காவான எப்காட்டிலிருந்து பார்த்தால் அங்கே மொராக்கோ நாட்டுப் பாணியில் கட்டிய கட்டடங்களுக்குப் பின்னால் இந்தக் கோபுரத்தின் பின்பக்கம் எட்டிப் பார்க்கும். அதனால் அதன் நிறத்தையும் மேல் வடிவத்தையும் மொராக்கோவோடு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். அதே எப்காட்டுக்குள் நிற்பவர் கண்ணில் அருகிலுள்ள ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களின் கூரை உருவங்களும் படுகின்றன. அவை பூங்காவின் காட்சியைக் கெடுக்கின்றன என்ற குறை பல காலமாக இருக்கிறது. இங்கே கட்டுகிறவர்கள் வரைபடத்தை இறுதி செய்யும் முன் படகுத்துறை, பாறை, பாலம், சன்செட் பாயின்ட் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் படம் எடுத்து, அதில் தங்கள் கட்டடத்தைப் பொருத்திப் பார்த்தாலே பாதித் தவறு அகப்பட்டுவிடும்.

சரி, உள்ளூர்ப் பாணியிலேயே கட்டுகிறோம் என்கிறவர்களும் தப்புவதில்லை. உடனே கை போவது பத்மநாபபுரம் அரண்மனைக்குத்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான் இருந்தது. இன்றும் கேரளத் தொல்லியல் துறை அதைப் பேணுகிறது. தக்கலை பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனைக்குள் ஏப்ரல் வெயிலில் போனாலும் உடம்பு தணிகிறது. காரணம் அழகு மட்டுமல்ல. கூரைச் சரிவு தாழ இறங்கிச் சுவரில் வெயிலும் சாரலும் படாமல் மறைக்கிறது. மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய அழிகள் காற்றை விட்டு, கண் கூசும் வெளிச்சத்தைத் தடுக்கின்றன. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண மைக்கா பதித்திருக்கிறார்கள். முற்றம் சூட்டை மேலே இழுத்து வெளியே அனுப்புகிறது. ஓடுகளின் இடுக்கு வழியாகவும் வெப்பம் போய்விடும்.

இதை நகலெடுக்கும் ஹோட்டல் என்ன செய்கிறது? கான்கிரீட்டைச் சரிவாகப் போட்டு, அதன்மேல் ஓடுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறது. வடிவம் வந்துவிட்டது, வேலை வரவில்லை. பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்த தளம் ராத்திரி விருந்தினர் தூங்கும்போது அதைக் கீழே இறக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் கசிவாக வரும். ஓடுதான் வேண்டுமென்றால் தட்டையான தளத்துக்கு மேல் தனியாகச் சட்டம் கட்டி, நடுவே காற்று போக இடம் விட்டு ஓடு வேயுங்கள். இறவாரத்தை நாலடியாவது வெளியே நீட்டுங்கள். அலங்காரத் தூணுக்கு ஆகும் பணத்தை இதில் போடலாம்.

அப்புறம், உப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தீம் வேலைகளில் பெரும்பகுதி உப்புக்குத்தான் இரையாகிறது. செயற்கைப் பாறையை எப்படிச் செய்கிறார்கள்? கம்பியில் கூடு கட்டி, வலை போர்த்தி, சிமென்ட் பூசி, பாறை நிறத்தில் வண்ணம் அடிப்பார்கள். பூச்சு மெல்லியது. அதில் மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தால் போதும். உப்பு ஈரம் உள்ளே போய் வலையைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பூச்சை உள்ளிருந்து தள்ளும். முதலில் விரிசலுக்குக் கீழே டீ வடிந்தது போலப் பழுப்புக் கோடு தெரியும். பிறகு தட்டினால் பொத்தென்று பொள்ளல் சத்தம் கேட்கும். அடுத்த மழையில் பொருக்குப் பொருக்காக விழும். குழந்தைகள் விளையாடும் குளத்து ஓரத்தில் அது விழுவதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியத் தர விதி ஐஎஸ் 456 இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் (எம் எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். அலைத் தெறிப்பு படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். கட்டடத்தின் தூணுக்கு இதைக் கடைப்பிடிக்கிற கான்ட்ராக்டர்கூட, அலங்கார வேலையை "அது சும்மா பூச்சுதானே" என்று விட்டுவிடுவார். வெளியில் தொங்கும் விளக்கு, பலகை, கைப்பிடி எல்லாவற்றுக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாது, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் வாங்குங்கள். வெறும் கம்பி வலைக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கான்கிரீட் பலகைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மனையில் சொந்தப் பாறை இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். இருந்த பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு அதே இடத்தில் சிமென்ட் பாறை கட்டும் கொடுமை இந்த மாவட்டத்துக்கு வேண்டாம்.

வழிபாட்டுக்குரியதை அலங்காரமாக்குவதும் பெரிய பிழை. வள்ளுவர் சிலையின் 133 அடி, குறளின் அதிகாரக் கணக்கு. 38 அடிப் பீடம் அறத்துப்பால், அதன்மேல் 95 அடிச் சிலை பொருளும் இன்பமும். அதை வடித்த கணபதி ஸ்தபதி அளவிலேயே அர்த்தத்தை வைத்தார். அதை ஃபைபரில் சுருக்கி நீச்சல் குளத்தருகே நிறுத்தினால் மிஞ்சுவது பொம்மை. சுசீந்திரத்துக் கோபுரத்தை மதுக்கூடத்தின் வாசலாக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மக்கள் மனம் புண்படும், அது நியாயமும்கூட. எடுத்தாள வேண்டுமென்றால் தோவாளைப் பூக்கட்டு, வடசேரி நகை வேலை, பனையோலை முடைதல் போன்ற கைத்தொழில்கள் இருக்கின்றன. அவற்றையும் படமாக அச்சிட்டு ஒட்டாமல், செய்கிறவர்களை அழைத்து வேலை கொடுத்துச் செய்யுங்கள்.

தீம் பற்றிய பேச்சில் தங்குகிறவரை மறந்துவிடுகிறோம். நம் ஊருக்கு வருவது தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளோடு மூன்று தலைமுறை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். முக்கடலிலோ திற்பரப்பு அருவியிலோ பூங்காவின் தண்ணீர்ச் சறுக்கிலோ குளித்துவிட்டு எல்லோரும் ஈரத்துணியோடு அறைக்கு வருவார்கள். துணி எங்கே காயும்? பால்கனிக் கைப்பிடியில்தான். பல லட்சம் செலவழித்த முகப்பில் துண்டும் லுங்கியும் வரிசையாகத் தொங்கும். விருந்தினரைக் கோபிப்பது தவறு. பால்கனியில் இடுப்பளவு மர அழி வைத்து, அதற்கு உள்ளே கொடி கட்டக் கொக்கி வைத்தால் துணியும் காயும், முகப்பும் பிழைக்கும். வாசலிலிருந்து அறை வரை வழுவழுப்பான கிரானைட் போடாதீர்கள், ஈரக்காலோடு நடக்கும் வயதானவர் விழுவார்.

அதேபோல விடிகாலையில் எல்லா அறையும் ஒன்றாகக் காலியாகும், எல்லோரும் உதயம் பார்க்கக் கிளம்புவார்கள். இரண்டே லிப்ட் என்றால் பாதிப்பேர் படிக்கட்டில் நிற்கும்போதே சூரியன் ஏறிவிடும். கிழக்கு பார்த்த மொட்டைமாடியில் படிப்படியாக உட்காரும் இடமும், காபி போட ஒரு சிறு மேடையும் வையுங்கள். மேற்குப் பக்க அறைகளுக்கு வெயில் மறைப்பு தனியாக வேண்டும்.

தீம் மிதமிஞ்சினாலும் ஆபத்து. ஃபுளோரிடாவில் விண்கப்பல் போலக் கட்டிய கேலக்டிக் ஸ்டார்குரூசர் ஹோட்டலில் 100 அறைகள். சன்னலுக்குப் பதில் விண்வெளியைக் காட்டும் திரைகள். 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். குமரிக்கு வருகிறவர் கடலைப் பார்க்க வருகிறார். தீமுக்காக அவர் சன்னலை அடைக்கக் கூடாது.

சட்டத்தையும் மண்ணையும் தீமுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை வரும், அதற்குள் கட்டவே கூடாத தூரம் பகுதிக்குப் பகுதி மாறும். அந்த எல்லைக் கோட்டை முதலில் அளந்து வரைபடத்தில் போடுங்கள். 2004 சுனாமி கொளச்சலிலும் மணக்குடியிலும் செய்ததை யாரும் மறக்கவில்லை. கரையோரத்தில் ஜெனரேட்டரையும் மின்பலகைகளையும் நிலவறையில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. மொத்தக் கட்டடத்துக்கும் ஆர்டர் கொடுக்கும் முன், மனையிலேயே ஒரு மாதிரி அறையைப் பால்கனி, கூரைத் துண்டு, அலங்காரச் சுவர் எல்லாவற்றோடும் கட்டிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் சாரலும் அதில் அடிக்கட்டும். அக்டோபரில் ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு திருகாணியையும், கதவு கீலையும், வண்ணம் உப்பிய இடத்தையும் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். துருப்பிடித்தது, வெளுத்தது, கதவு இறுகியது என்று அந்தப் பட்டியலில் வருபவை எதுவும் மற்ற அறைகளுக்குப் போகக் கூடாது.